ஒரே ஆள், மூன்று ஆலோசகர்கள்: உளச்சிகிச்சைக் கோட்பாடுகளை ஒப்பிட்டுப் படிக்க ஒரு வழி

உளவியல் ஆலோசனை படிக்கத் தொடங்குபவர்கள் பலரும் முதல் வாரத்திலேயே அட்டவணை போட்டுவிடுவார்கள். இடப்பக்கம் உளச்சிகிச்சை முறைகளை உருவாக்கிய ஃப்ராய்ட், ரோஜர்ஸ், எல்லிஸ், பெக். வலப்பக்கம் கலைச்சொற்கள். தேர்வு எழுத அது போதும். எதிரே ஒருவர் கண் கலங்கி உட்கார்ந்திருக்கும்போது அந்த அட்டவணை கைகொடுக்காது. அவர் சொல்லும் பத்து வாக்கியங்களில் எதில் நம் காது நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பதுதான் கோட்பாடு. அதைக் கண்டுபிடிக்க, நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் முறை இது. ஒரு நோட்டு வேண்டும், அவசரம் வேண்டாம்.

படி 1: யார், எதனால் பிரிந்து போனார்?

முதல் பக்கத்தில் குடும்ப மரம் ஒன்று வரையுங்கள். வேரில் வியன்னாவின் ஃப்ராய்ட். இன்னொரு சிகிச்சை முறையை உருவாக்கிய பெர்ல்ஸும், எல்லிஸ், பெக் இருவரும் ஃப்ராய்டின் முறையான உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்று, அதில் நிறைவில்லாமல் வெளியே வந்தவர்கள். ஒவ்வொரு கிளையிலும் அந்த ஆளின் மனக்குறையை ஒரு வரியில் எழுதுங்கள். பெக்கின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. மனச்சோர்வு உள்ளவர்கள் கோபத்தைத் தங்கள் மீதே திருப்பிக்கொள்கிறார்கள் என்ற பழைய கருத்தை உறுதிப்படுத்தத்தான் அவர் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். எதிர்பார்த்த கோபம் அங்கே இல்லை. இழப்பும் தோல்வியும்தான் திரும்பத் திரும்ப வந்தன. அங்கிருந்துதான் அவர் கவனம் நோயாளிகளின் அன்றாட எண்ணங்கள் பக்கம் போனது.

படி 2: எல்லாரிடமும் ஒரே நான்கு கேள்விகள்

துன்பம் எங்கிருந்து வருகிறது? எது மாறினால் தீரும்? ஆலோசகர் என்ன செய்கிறார்? இருவருக்கும் இடையிலான உறவு எதற்குப் பயன்படுகிறது? ஒரு கோட்பாட்டுக்கு ஒரு பக்கம், உங்கள் சொந்த வார்த்தைகளில். பாடப்புத்தக வரியை அப்படியே எழுதினால், இன்னும் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பார்த்துப் படியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 1965இல் எவரெட் ஷோஸ்ட்ராம் அமெரிக்காவில் ஒரு பயிற்சிப் படம் வெளியிட்டார். மணமுறிவு பெற்ற, முப்பது வயது மதிக்கத்தக்க ஒரே பெண்ணிடம் ரோஜர்ஸ், பெர்ல்ஸ், எல்லிஸ் மூவரும் தனித்தனியாகப் பேசுகிறார்கள். மகளிடம் உண்மையைச் சொல்லலாமா என்று அவர் ரோஜர்ஸிடம் நேராகவே கேட்கிறார். ரோஜர்ஸ் பதில் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்குள் இருக்கும் தவிப்போடு கூடவே நிற்கிறார். பெர்ல்ஸிடம் ‘பயமாக இருக்கிறது’ என்கிறார் அந்தப் பெண். ஆனால் முகத்தில் சிரிப்பு. பெர்ல்ஸ் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொள்கிறார். எல்லிஸோ, ஆண்களிடம் பழகத் தயங்கும் அவர் மனதுக்குள் தனக்குத் தானே என்ன சொல்லிக்கொள்கிறார் என்று தேடுகிறார்.

முதல் முறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை, யார் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று குறியுங்கள். எல்லிஸ் எவ்வளவு பேசுகிறார் என்பது தெரிந்ததும், அவருடைய முறை பாடம் நடத்துவதற்கு எவ்வளவு நெருக்கமானது என்று விளங்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இவை கேமரா முன் நடந்த குறுகிய சந்திப்புகள். இவற்றை வைத்து எந்த முறை சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

படி 4: ஒரு வாக்கியம், ஐந்து பதில்கள்

கற்பனையாக ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். ‘நாளைக்கு செமினார். நான் எழுந்து நின்றாலே எல்லாரும் என்னை முட்டாள்னு நினைப்பாங்க’ என்கிறான்.

ரோஜர்ஸ் வழியில்: ‘அத்தனை பேர் பார்வையும் உங்கள் மேல் விழுவதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது, இல்லையா?’

ஃப்ராய்ட் வழியில்: ‘இதைச் சொல்லும்போது மனதில் வேறு என்ன வருகிறது? எதுவானாலும் சொல்லுங்கள்.’

பெக் வழியில்: ‘எல்லாரும் என்றால் யார் யார்? போன முறை பேசியபோது அவர்கள் அப்படி நினைத்ததற்கு என்ன அடையாளம் தெரிந்தது?’

எல்லிஸ் வழியில்: ‘சரி, நினைக்கட்டும். நாலு பேர் நினைத்தால் நீங்கள் முட்டாளாகிவிடுவீர்களா?’

நடத்தைச் சிகிச்சையாளர் ஜோசப் வோல்ப்பே வழியில்: பயத்தைப் படிப்படியாகப் பிரித்து, உடலைத் தளர்த்திக்கொண்டு, காலி வகுப்பறையில் நிற்பதாகக் கற்பனை செய்வதிலிருந்து தொடங்குவது.

பெக்கையும் எல்லிஸையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். மேலே மறுபடி பாருங்கள். ‘அது உண்மையா, வா பார்க்கலாம்’ என்கிறார் பெக். ‘உண்மையாகவே இருக்கட்டும், அதனால் என்ன’ என்கிறார் எல்லிஸ். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால், இருவரின் கலைச்சொற்களும் தானாக நினைவில் நிற்கும்.

படி 5: பொதுவானதைத் தேடுங்கள்

வெவ்வேறு முறைகள் பலன் தருவதற்கு அவற்றுக்குள் பொதுவாக இருக்கும் அம்சங்களே காரணமாக இருக்கலாம் என்று 1936இலேயே உளவியலாளர் ரோசன்ஸ்வெய்க் எழுதினார். ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையிலான உறவு அப்படிப்பட்ட ஒரு பொது அம்சம். 1979இல் இன்னொரு உளவியலாளர் போர்டின் அந்த உறவை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையே பிணைப்பு. நோட்டில் ஒவ்வொரு கோட்பாட்டின் பக்கத்திலும் இந்த மூன்றையும் அடியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இந்தப் பயிற்சியை நண்பரின் உண்மையான துயரத்தில் செய்து பார்க்காதீர்கள். வகுப்புத் தோழர் ஒருவரை அந்த செமினார் மாணவனாக நடிக்கச் சொல்லி, ஒரு பதிலுக்குப் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். முடிந்ததும், எந்தப் பதிலின்போது மேலும் பேசத் தோன்றியது, எங்கே வாய் மூடிக்கொண்டது என்று அவரிடம் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.