உலகக் கோப்பைக் கால்பந்தை மைதானத்தில் பார்க்க: டிக்கெட், விசா, பயணம்

உலகக் கோப்பைக்குக் கிளம்ப முடிவு செய்ததும் பலரும் முதலில் விமானக் கட்டணத்தைத்தான் தேடுகிறார்கள். கட்டணத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் அப்போதே வாங்கிவிடக் கூடாது. மேட்ச் டிக்கெட் குலுக்கலில் விழாமல் போய், ரத்து செய்ய முடியாத விமானச் சீட்டு மட்டும் கையில் நிற்பதுதான் இந்தப் பயணத்தில் அடிக்கடி நடக்கும் பண நஷ்டம். பாஸ்போர்ட், விசா, மேட்ச் டிக்கெட், விமானம் என்ற வரிசையில் போங்கள். தங்குமிடம் மட்டும் இந்த வரிசைக்குள் அடங்காது. இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறை கிடைத்தால், போட்டி அட்டவணை வெளியான அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

அணியைத் துரத்துவதா, ஊரில் தங்குவதா

எந்தத் தேதியில், எந்த மைதானத்தில், எத்தனையாவது போட்டி என்பது அணிகள் முடிவாவதற்கு வெகு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ சேர்ந்து நடத்தும் 2026 கோப்பையில் மொத்தம் 104 போட்டிகள். 104ஆம் எண் இறுதிப்போட்டி. குழுப் பிரிப்புக் குலுக்கல் 2025 டிசம்பர் 5 அன்று நடந்தது, ஆனால் டிக்கெட் விற்பனையின் முதல் கட்டம் அந்த செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. அப்போது வாங்கியவர்களில் பெரும்பாலானோர் யார் ஆடுகிறார்கள் என்று தெரியாமல், தேதியையும் ஊரையும் நம்பித்தான் வாங்கினார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு இந்த வழியையே சொல்வோம். ஓர் ஊரை, அல்லது ரயிலில் போய் வரக்கூடிய இரண்டு மூன்று ஊர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அங்கே வரும் போட்டிகளுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள்.

அணியைப் பின்தொடர்வது மூன்று குழுப் போட்டிகள் வரை சிரமமில்லை. அதற்குப் பிறகு கணக்கு கடினமாகிவிடும். 48 அணிகள் ஆடும் அமைப்பில் 12 குழுக்கள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகளோடு, மூன்றாம் இடம் பிடித்த அணிகளில் சிறந்த எட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். முதலிடம் வந்தால் எந்த ஊர், இரண்டாமிடம் வந்தால் எந்த ஊர் என்பதை அட்டவணையிலேயே பார்த்துவிடலாம். மூன்றாமிடம் வந்தால் அப்படிச் சொல்ல முடியாது. எந்த எட்டுக் குழுக்களிலிருந்து மூன்றாம் அணி வருகிறது என்பதற்கு மட்டும் 495 சேர்க்கைகள் உண்டு. அதைப் பொறுத்து ஊர் மாறும். 2026 அட்டவணைப்படி குழுச் சுற்று ஜூன் 27 அன்று முடிகிறது, தோற்றால் வெளியேறும் நாக் அவுட் சுற்று 28ஆம் தேதியே தொடங்குகிறது. கடைசி இரவில் ஊர் தெரிந்து, உடனே விமானம் தேடுகிறவர் அன்றைய உச்ச விலையைத்தான் கொடுத்தாக வேண்டும்.

அணியோடு போயே ஆக வேண்டும் என்றால் நாக் அவுட்டுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கிவையுங்கள். 'உங்கள் அணியைத் தொடருங்கள்' என்ற பெயரில் வரும் டிக்கெட்டுகளின் விதியில் ஒரு விஷயத்தைத் தேடிப் படியுங்கள்: அணி வெளியேறினால் பணம் திரும்புமா, அல்லது ஜெயித்த அணியின் அடுத்த போட்டிக்கு அந்த டிக்கெட் மாறிவிடுமா? இரண்டும் முற்றிலும் வேறு வேறு.

அட்டவணையில் உள்ள ஊர்ப் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2026இல் 'பாஸ்டன்' என்று குறிக்கப்பட்ட மைதானம் இருப்பது ஃபாக்ஸ்பரோவில், நகரத்திலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி. 'சான் பிரான்சிஸ்கோ' என்பது சாண்டா கிளாரா. 'டல்லஸ்' என்பது ஆர்லிங்டன். வரைபடத்தில் மைதானத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள், ஊரின் பெயரைப் போட வேண்டாம். கத்தாரில் 2022இல் எட்டு மைதானங்களும் 75 கிலோமீட்டருக்குள் அடங்கின. ஒரே அறையில் தங்கி எல்லா மைதானங்களுக்கும் போய் வர முடிந்தது. 2026இல் வான்கூவருக்கும் மயாமிக்கும் இடையே 4,000 கிலோமீட்டருக்கு மேல்.

விசா

டிக்கெட் இருந்தால் நாட்டுக்குள் விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை 2018இலிருந்து வந்தது. அந்த ஆண்டு ரஷ்யாவில் ரசிகர் அடையாள அட்டையே விசாவாக இருந்தது. கத்தாரில் ஹய்யா அட்டை அந்த வேலையைச் செய்தது. 2026இல் அப்படியொரு அட்டை கிடையாது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் அந்தந்த நாட்டின் வழக்கமான நுழைவு விதிகள்தான். டிக்கெட் வாங்கியவர்களுக்கு விசா நேர்காணல் தேதி சீக்கிரம் கிடைக்க அமெரிக்கா ஓர் ஏற்பாடு செய்தது. அதனால் கிடைப்பது தேதி மட்டுமே, விசாவுக்கு உத்தரவாதம் இல்லை.

பல நாடுகள் சேர்ந்து நடத்தும்போது இன்னொரு பொறியும் உண்டு. 2030 கோப்பை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோவில் நடக்கிறது. உருகுவே, அர்ஜென்டினா, பராகுவேயில் தலா ஒரு போட்டி. ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் இருப்பவை, மொராக்கோ வெளியே. ஒரு முறை மட்டும் நுழையக்கூடிய ஷெங்கன் விசாவில் மட்ரிட் போய், அங்கிருந்து மொராக்கோவில் ஒரு போட்டி பார்த்துவிட்டு லிஸ்பனுக்குத் திரும்ப முடியாது. பலமுறை நுழையும் விசாவை விண்ணப்பத்திலேயே கேளுங்கள், கூடவே பயணத் திட்டத்தையும் இணையுங்கள். ஐரோப்பிய நாடுகள் மோதும் 2028 யூரோ கோப்பைக்கும் இதே எச்சரிக்கை தேவை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் ஒரே விசாவுக்குள் வரும். அயர்லாந்து தனி நாடு, அதன் விதியும் தனி.

பயணம் முடியும் தேதிக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்கட்டும். எல்லா நாடுகளும் இவ்வளவு கேட்பதில்லை, கேட்கும் நாடுகள் ஏராளம். டிக்கெட் கணக்கில் கொடுக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும். இனிஷியல், தந்தை பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

டிக்கெட் விற்பனை நடக்கும் விதம்

உலகக் கோப்பைக்கு விற்பவர் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, யூரோவுக்கு ஐரோப்பியக் கூட்டமைப்பான யூஃபா. அவரவர் இணையதளத்தில் மட்டுமே. விற்பனை கட்டம் கட்டமாக நடக்கும், ஒவ்வொரு கட்டத்தின் விதியும் வேறு.

குலுக்கல் கட்டத்தில் அவசரம் வேண்டாம். விண்ணப்பம் திறந்த முதல் நிமிடத்தில் போட்டாலும் மூடும் நாளில் போட்டாலும் வாய்ப்பு ஒன்றுதான். கவனம் தேவைப்படுவது பணத்தில். சில குலுக்கல்களில் உங்களுக்கு வாங்கும் நேரம் மட்டும் ஒதுக்குவார்கள். வேறு சிலவற்றில் டிக்கெட் விழுந்தால் உங்களைக் கேட்காமலே கார்டிலிருந்து பணம் எடுத்துவிடுவார்கள், அதுவும் பல வாரங்கள் கழித்து. ஐந்து போட்டிகளுக்குத் தலா நான்கு டிக்கெட் கேட்டு, எல்லாமே விழுந்தால், இருபது டிக்கெட்டின் விலையும் போய்விடும். கொடுக்க முடிந்த அளவுக்கு மட்டும் கேளுங்கள். பணம் எடுக்கும் நாள் வரை கார்டு காலாவதியாகாமல் இருக்கிறதா, வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா, அதன் வரம்பு மொத்தத் தொகையைத் தாங்குமா என்ற மூன்றையும் வங்கியில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கார்டு மறுக்கப்பட்டால் விழுந்த டிக்கெட்டும் போய்விடக்கூடும். விசா (Visa) என்ற கார்டு நிறுவனம் ஃபிஃபாவின் கூட்டாளி என்பதால் சில கட்டங்கள் அதன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே. 2026இன் முதல் கட்டம் அப்படித்தான் நடந்தது.

முந்தி வருபவருக்கே என்ற கட்டத்தில் நிமிடங்கள் முக்கியம். திறக்கும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பே கணக்கில் நுழைந்து, கார்டு விவரத்தையும் உடன் வருபவர்களின் பெயர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இணைய வரிசையில் நிற்கும்போது பக்கத்தைப் புதுப்பித்தால் இடம் பறிபோகலாம். ஒரே கணக்கைப் பல உலாவிகளில் திறந்தாலும் அதே கதிதான். டிக்கெட் கூடைக்குள் வந்த பிறகு பணம் கட்டச் சில நிமிடங்களே தருவார்கள், அதற்குள் ஓ.டி.பி. வந்து சேர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்குகிறீர்கள் என்றால் வங்கியோடு இணைந்த எண் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். 'தீர்ந்துவிட்டது' என்று வந்தாலும் உடனே கிளம்பிவிடாதீர்கள். பணம் கட்டத் தவறியவர்களின் டிக்கெட்டுகள் மறுபடி விற்பனைக்குத் திரும்பும், ஆகவே அடுத்த ஒரு மணி நேரம் அவ்வப்போது பார்த்துக்கொண்டிருங்கள்.

எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 2022இல் ஒரு போட்டிக்கு ஆறு, மொத்தம் அறுபது. 2026இல் ஒரு போட்டிக்கு நான்கு, மொத்தம் நாற்பது. சேர்ந்து உட்கார வேண்டியவர்கள் ஒரே ஆர்டரில் வாங்குங்கள். தனித்தனிக் கணக்கில் வாங்கியவர்களைப் பிறகு பக்கத்தில் கொண்டுவருவது அநேகமாக நடக்காது.

எந்தப் போட்டியைக் கேட்பது? தொடக்கப் போட்டி, அரை இறுதி, இறுதி, போட்டியை நடத்தும் நாடு ஆடுவது என இவற்றுக்குத்தான் உலகமே விண்ணப்பிக்கிறது. வாரத்தின் நடுநாளில், பெரிய பெயர் இல்லாத இரண்டு அணிகள் மோதும் குழுப் போட்டி எளிதாகக் கிடைக்கும். உண்மையில் பல சமயம் அங்கேதான் பாட்டும் மேளமும் கூட்டமும் களைகட்டுகின்றன. நீண்ட காலம் கழித்துத் தகுதி பெற்ற நாட்டின் ரசிகர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். இருக்கைகளை விலைக்கேற்ப வகை பிரித்திருப்பார்கள், ஆனால் வகை 1 என்றால் முன்வரிசை என்று பொருளல்ல. மைதான வரைபடத்தில் எந்தப் பகுதி எந்த வகை என்று நிறம் போட்டிருப்பார்கள். வாங்குவதற்கு முன் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோலுக்குப் பின்னால் மேல் அடுக்கு மலிவு, ஆட்டத்தின் அமைப்பும் அங்கிருந்து நன்றாகவே புரியும்.

2026இல் விலை நிலையாக இல்லை. தேவைக்கு ஏற்ப ஏறி இறங்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். போட்ட திட்டத்தைவிடக் கூடுதலாகவே பணம் வைத்துக்கொள்ளுங்கள், கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்து.

மறுவிற்பனை

குலுக்கலில் விழாதவர்களுக்கு நம்பகமான ஒரே வழி நடத்துபவரின் சொந்த மறுவிற்பனைத் தளம். அங்கே டிக்கெட் உங்கள் கணக்குக்கே மாறி வரும். 2026இல் ஃபிஃபா அதற்கு வாங்குபவரிடம் 15 சதவீதமும் விற்பவரிடம் 15 சதவீதமும் எடுக்கிறது, ஆகவே கண்ணில் படும் விலையை விடக் கட்டும் தொகையைப் பாருங்கள். அந்தத் தளத்தை எட்டிப் பார்க்க நல்ல நேரம், ஒரு பெரிய அணி வெளியேறிய இரவு. அடுத்த சுற்றுக்கு முன்கூட்டி வாங்கி வைத்திருந்த அதன் ரசிகர்கள் அப்போதுதான் விற்கத் தொடங்குவார்கள்.

வெளித் தளங்களில் சிலர் கையில் இல்லாத டிக்கெட்டையே விற்கிறார்கள். பிறகு வாங்கித் தரலாம் என்பது அவர்கள் கணக்கு. ஸ்கிரீன்ஷாட்டாகவோ பிடிஎஃப் ஆகவோ எதைக் காட்டினாலும் வாங்காதீர்கள். இப்போதைய டிக்கெட்டுகள் அதிகாரபூர்வச் செயலிக்குள்தான் இருக்கும், கியூஆர் கோடு போட்டி நெருங்கும்போதுதான் உயிர் பெறும். மைதான வாசலில் பிளாக்கில் வாங்கியது வேலை செய்யாவிட்டால் புகார் சொல்ல யாருமில்லை.

தங்குவதும் சுற்றுவதும்

நடத்துபவர்கள் ஆயிரக்கணக்கான அறைகளை முன்கூட்டியே பிடித்து வைத்திருப்பார்கள். வேண்டாதவற்றைப் போட்டிக்குச் சில மாதங்கள் முன்பு விட்டுவிடுவார்கள். அப்போது விலை இறங்க வாய்ப்புண்டு. ரத்து செய்யக்கூடிய அறையை முன்னரே பிடித்தவர் அதைவிட மலிவாகக் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். ரத்து செய்யக் கடைசித் தேதி எது என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், அதுவும் அந்த ஊர் நேரப்படி. மைதானத்துக்குப் பக்கத்தில் அறை தேடி அலைய வேண்டாம். மைதானத்துக்கு நேராக ரயில் போகும் தடத்தில், நான்கைந்து நிறுத்தம் தள்ளி எடுத்தால் போதும்.

வெவ்வேறு ஊர்களில் உள்ள இரண்டு போட்டிகளுக்கு நடுவே ஒரு முழு நாள் விடுங்கள். போட்டிக்கு முந்தைய நாள் மாலைக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும். போட்டி நாள் காலை விமானம் தாமதமானால் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. போட்டி நேரம் அந்த ஊரின் நேரமா, உங்கள் கைபேசி மாற்றிக் காட்டிய நேரமா என்று இருமுறை பாருங்கள். இரவுப் போட்டிகளில் தேதியே ஒரு நாள் தள்ளித் தெரியும்.

சில தொடர்களில் பயணம் இலவசம். 2018இல் போட்டி நகரங்களுக்கு இடையே ரசிகர்களுக்கென இலவச ரயில்கள் ஓடின. 2024 யூரோவில் டிக்கெட்டோடு 36 மணி நேர உள்ளூர்ப் பயணச் சீட்டும் கிடைத்தது. டாக்ஸிக்குப் பணம் ஒதுக்கும் முன் இதைத் தேடிப் பாருங்கள்.

போட்டி நாள்

கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், பொதுவாக அது ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு. தென் அமெரிக்க அணிகளின் தொடரான கோப்பா அமெரிக்காவின் 2024 இறுதிப்போட்டியில் டிக்கெட் இல்லாதவர்கள் வாசலில் நெருக்கியதால் ஆட்டமே ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. நெரிசலில் கடைசியாக வந்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

உடன் வருபவரின் டிக்கெட்டை அவரவர் கைபேசிக்கு முந்தைய இரவே மாற்றிக் கொடுத்துவிடுங்கள். நான்கு டிக்கெட்டும் ஒரே கைபேசியில் இருந்து அதன் பேட்டரி செத்தால் நால்வரும் வெளியேதான் நிற்க வேண்டும். கூட்டத்தில் இணையம் திணறும் என்பதால் செயலியை அறையிலேயே திறந்து உள்நுழைந்து வையுங்கள். கைக்குழந்தைக்கும் டிக்கெட் கேட்கிறார்களா என்பதை வாங்கும்போதே பாருங்கள். 2022இல் எந்த வயதானாலும் தனி டிக்கெட் தேவைப்பட்டது. பை விதியையும் படியுங்கள். அமெரிக்க மைதானங்களில் ஒளி ஊடுருவும் பையை மட்டும், அதுவும் 12 × 12 × 6 அங்குலம் என்ற அளவுக்குள், அனுமதிப்பது வழக்கம். விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக மைதானத்துக்கு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

திரும்பும் வழியை ஆட்டத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள். குழுப் போட்டி, இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்த்து, இரண்டு மணி நேரத்தில் முடியும். நாக் அவுட்டில் முப்பது நிமிட எக்ஸ்ட்ரா டைமும் பெனால்டியும் வந்தால் மூன்று மணி நேரத்தை நெருங்கும். இரவு 9 மணி ஆட்டம் நள்ளிரவில் முடிந்து, வெளியே வந்து ரயில் மேடையைத் தொட இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். கடைசி ரயில் 12.30 என்றால் பெனால்டியைப் பார்ப்பதா ரயிலைப் பிடிப்பதா என்று தவிக்க நேரும். அப்படிப்பட்ட இரவுக்கு மட்டும் நடந்தே போகக்கூடிய தூரத்தில் அறை எடுங்கள், விலை கொஞ்சம் கூடுதலானாலும்.