பதற்ற மாத்திரைக்குப் பயந்து நாம் செய்யும் தவறுகள்

பதற்றத்துக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் திடீரென்று ஒரு நாள் நிறுத்திவிடுவதுதான் இந்த விஷயத்தில் ஆகப் பெரிய தவறு. அதை நானே செய்திருக்கிறேன், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாலு வருடத்துக்கு முன்பு எனக்கு அடிக்கடி படபடப்பு வரும். நெஞ்சை அடைக்கும், கை ஜில்லிட்டுப்போகும், இதோ செத்துவிடப்போகிறோம் என்று தோன்றும். இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொன்னபிறகு, ராத்திரிக்கு ஒன்று என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பஸ்ஸில் தனியாகப் போய்வரும் அளவுக்குத் தேறிவிட்டேன். அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் அந்த மாத்திரையை நான் விழுங்குவதைச் சித்தப்பா பார்த்துவிட்டார். அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தவர், “டேய், இது தூக்க மாத்திரைடா. போட ஆரம்பிச்சா விடவே முடியாது” என்றார். என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். அன்று ராத்திரியே நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்றது. கை நடுங்கியது. தூக்கம் அறவே போனது. பழைய படபடப்பு இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. ‘சித்தப்பா சொன்னது சரிதான், நான் அடிமையாகிவிட்டேன்’ என்று முடிவு கட்டினேன். நிறுத்தியது ஒரு தவறு என்றால், அந்த முடிவு இன்னொரு தவறு. வெட்கத்தில் டாக்டரிடம் திரும்பிப் போகவே ஒரு வாரம் ஆனது.

எந்த மாத்திரை என்றே தெரியாமல் பயப்படுவது

பதற்றத்துக்குத் தரும் மாத்திரைகளை எல்லாரும் மொத்தமாகத் ‘தூக்க மாத்திரை’, ‘நரம்பு மாத்திரை’ என்கிறோம். உண்மையில் இவற்றில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் குணம் வேறு, ஆபத்தும் வேறு.

முதல் வகை பென்சோடயசெபின்கள். அல்பிரசோலம், குளோனாசெபம், லோராசெபம், டயசெபம் எல்லாம் இந்தக் குடும்பம். நம் ஊரில் நிறைய எழுதப்படும் எட்டிசோலமும் வேலையில் இவற்றின் நெருங்கிய உறவுதான். போட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் படபடப்பு அடங்கும். மூளையில் பரபரப்பைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இவை கூட்டிக்கொடுக்கின்றன. வீட்டில் உதவிக்கு ஆள் வந்ததும் நாம் நம் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வோம் இல்லையா, மூளையும் அப்படித்தான் செய்கிறது. ஒரே நாளில் அந்த ஆளை நிறுத்திவிட்டால் வீடு தடுமாறிப்போகும்.

இரண்டாவது வகை, மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் மூலம் வேலை செய்யும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகள். எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின், பராக்சிட்டின், ஃபுளுவாக்சிட்டின் போன்றவை. இவை உடனே கேட்காது. இரண்டு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். இன்னும் ஒன்று போடலாமா என்ற ஏக்கத்தை இவை உண்டாக்குவதில்லை. ஆனால் இவற்றையும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், குமட்டல், நான் சொன்ன அந்த மின்சார உணர்வு எல்லாம் வரலாம். பராக்சிட்டினை நிறுத்தும்போது இந்தத் தொல்லை அதிகம். உடலை விட்டு மெதுவாக வெளியேறும் ஃபுளுவாக்சிட்டினில் குறைவு.

சரி, என் மாத்திரை எந்த வகை? இரண்டும்தான். எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி., குளோனாசெபம் 0.5 மி.கி. இரண்டும் ஒரே மாத்திரைக்குள் இருந்தன. இந்தியாவில் இப்படிக் கூட்டு மாத்திரைகள் நிறைய விற்கின்றன. எஸ்சிட்டாலோபிராம் கேட்க ஆரம்பிக்கும்வரை முதல் சில வாரங்களுக்குக் குளோனாசெபம் துணையாக இருந்தால் போதும் என்பதுதான் வழக்கமான எண்ணம். ஆனால் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் துணைக்கு வந்தது மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. பாதியாக உடைத்தால் வேண்டிய மருந்தும் சேர்ந்து பாதியாகிவிடும். கூட்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் தைரியமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இதைப் பிரித்து இரண்டு மாத்திரையாகத் தர முடியுமா?” என் குழப்பம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் தீர்ந்தது.

இதே குளோனாசெபம், இதயத்துடிப்பைத் தணிக்கும் புரோபிரானலால் என்ற மருந்தோடு சேர்ந்தும் வருகிறது. புரோபிரானலாலையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. வயிற்று உபாதைக்கு, வயிறு கலக்குவதற்கு என்று தரப்படும் சில மாத்திரைகளில் குளோர்டயசெபாக்சைடு இருக்கும். அதுவும் பென்சோடயசெபின்தான். 1960-ல் சந்தைக்கு வந்த, அந்தக் குடும்பத்தின் முதல் பிள்ளை. பதற்ற மாத்திரையே சாப்பிட்டதில்லை என்று சொல்லும் பலர் வருடக்கணக்கில் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அதைப் படித்துவிட்டுப் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

உடல் பழகியதை அடிமைத்தனம் என்று நினைப்பது

டாக்டர் சொன்ன அளவிலேயே சாப்பிட்டுவந்தாலும், சில வாரங்களிலோ மாதங்களிலோ உடல் பென்சோடயசெபினுக்குப் பழகிவிடக்கூடும். இதை மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. 1963-ல் டயசெபம் வந்தபோது, அதற்கு முந்தைய பார்பிச்சுரேட் மருந்துகளைவிடப் பாதுகாப்பானது என்று உலகமே கொண்டாடியது. 1988-ல்தான் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் தர வேண்டாம் என்று அறிவுரை சொன்னது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 செப்டம்பரில் இந்தக் குடும்பம் முழுவதற்குமான எச்சரிக்கையில் பழக்கம், அடிமையாதல், நிறுத்தும்போது வரும் விளைவுகள் எல்லாவற்றையும் சேர்த்தது. ஆகவே சித்தப்பாவின் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனாலும் உடல் பழகுவது வேறு, அடிமையாவது வேறு. சொன்ன அளவுக்கு மேல் போட்டுக்கொள்வது, ஒரு டாக்டருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் சீட்டு வாங்குவது, வீட்டில் ஒளித்து வைப்பது, வேலையும் உறவும் கெட்டாலும் விட முடியாமல் இருப்பது, இவையெல்லாம் அடிமைத்தனத்தின் அடையாளங்கள். சொன்னபடி சாப்பிட்டு, நிறுத்தும்போது உடல் தடுமாறினால் அது பழக்கம். அதில் ஒழுக்கக் குறைவு ஒன்றும் இல்லை, நிதானமாகக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். இந்த வித்தியாசத்தை யாராவது எனக்கு அன்றே சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரத்தை அப்படிக் கழித்திருக்க மாட்டேன்.

மாத்திரையை நிறுத்தியதால் வரும் தொல்லையை, நோயே திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்வதும் இதோடு சேர்ந்த தவறுதான். பொதுவாக நிறுத்திய சில நாட்களுக்குள் தொடங்கி, முன்பு இல்லாத புது அறிகுறிகளோடு வந்தால் (சின்னச் சத்தமும் வெளிச்சமும் தாங்காதது, உடம்பில் ஊறல், அந்தச் சுரீர்) அது நிறுத்தியதன் விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நோய் திரும்புவது பெரும்பாலும் வாரக்கணக்கில், பழைய முகத்தோடு மெதுவாக வரும். இந்த வரையறை எல்லாருக்கும் கச்சிதமாகப் பொருந்தாது. அதனால் என்ன வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அல்பிரசோலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சுமார் 11 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். குளோனாசெபத்துக்கு அதே அளவு இறங்க 30 முதல் 40 மணி நேரம் ஆகும். அல்பிரசோலம் சாப்பிடும் சிலருக்கு அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே படபடப்பு எட்டிப் பார்ப்பது இதனால்தான். வியாதி முற்றிவிட்டது என்று நினைத்து அவர்களே அளவைக் கூட்டிவிடுகிறார்கள்.

தானே குறைப்பது

பென்சோடயசெபினைப் பல நாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு மாதக் குறைந்த அளவோடு நான் தப்பித்தேன். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள் இந்த விஷப்பரீட்சையில் இறங்கவே கூடாது. 2025-ல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை 5 முதல் 10 சதவீதம் குறைத்துப் பார்க்கலாம் என்கிறது. எப்படியும் இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. இதை வைத்து நீங்களே கணக்குப் போட வேண்டாம். எவ்வளவு மெதுவான வேலை இது என்று தெரிவதற்காகத்தான் எழுதுகிறேன்.

தானே குறைக்கிறவர்கள் பலரும் ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ முறையைத்தான் பிடிக்கிறார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் சாப்பிடாத நாளில் மருந்தின் அளவு இறங்கி, அடுத்த நாள் ஏறி, உடல் ஊஞ்சலில் உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும். தினமும் ஒரே நேரத்தில், அளவை மட்டும் குறைப்பதுதான் பொதுவாக நல்லது. மெதுவாகக் கரையும் வகையில் செய்த மாத்திரைகளை உடைக்கவும் கூடாது. எனக்கு மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தபிறகு குளோனாசெபத்தை விட நாலு மாதம் ஆனது. கடைசிக் கால் மாத்திரைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. எஸ்சிட்டாலோபிராம் அதற்கப்புறமும் ஒரு வருடம் தொடர்ந்தது. குணமானபிறகும் சில மாதம் அதைத் தொடரச் சொல்வார்கள், நன்றாக இருக்கிறதே என்று நாமே முடித்துக்கொண்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும்.

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே பயந்து எல்லாவற்றையும் நிறுத்துகிறவர்கள் உண்டு. முதலில் டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அவர் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம்.

பழைய சீட்டும் பக்கத்து வீட்டு மாத்திரையும்

அல்பிரசோலம், டயசெபம் போன்றவை இந்தியாவில் ஹெச்-1 அட்டவணையில், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில், உள்ளவை. 2014 மார்ச் முதல், இவற்றை விற்கும் மருந்துக்கடை டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்று சொல்லும் கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள், அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். இரண்டு வருடத்துக்கு முந்தைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தால், இந்த மருந்து இன்னும் தேவையா என்று யாரும் கேட்காமலே காலம் ஓடிவிடும். பழக்கம் வேர்விடுவது பெரும்பாலும் இப்படித்தான். “எனக்கு நல்லா கேட்டது, நீயும் போட்டுப் பாரு” என்று மாத்திரையைப் பங்கு போடுவதும் வேண்டாம்.

மற்ற டாக்டர்களிடம் மறைப்பது எவ்வளவு ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. படர்தாமரைக்குத் தோல் டாக்டர் இட்ராகொனசோல் எழுதுவார். அதையும் அல்பிரசோலத்தையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது, அல்பிரசோலம் உடலில் தேங்கி அளவு ஏறிவிடும். டிராமடால் போன்ற வலி மருந்தோ, கோடீன் கலந்த இருமல் மருந்தோ, மதுவோ பென்சோடயசெபினோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கும் இந்த மாத்திரைகள் ஒரு காரணமாகின்றன.

பயந்து மருந்தே வேண்டாம் என்பது

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது சிகிச்சைக்கே போகாமல் இருந்துவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. பதற்ற நோயோடு மல்லுக்கட்டியே வருடங்களைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். வேலையை விட்டார்கள், கல்யாணம் காட்சிக்குப் போவதை விட்டார்கள். பழக்கம் ஏற்படுத்தாத மருந்துகளும் இருக்கின்றன. நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பயிற்சி தரும் சிபிடி என்ற பேச்சுவழிச் சிகிச்சையும் பதற்றத்துக்கு நன்றாகக் கேட்கும். ‘முதலிலிருந்தே எனக்கு இந்தப் பயம் இருக்கிறது, எத்தனை நாளைக்குத் தருவீர்கள், எப்படி நிறுத்துவீர்கள்’ என்று முதல் சீட்டு எழுதும்போதே கேட்டுவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். ஆனால் மாத்திரையை நிறுத்தி வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.

போன பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் வயிற்றுக்கு ஒரு மாத்திரை போடுவார், ஆறு வருடமாக. அட்டையைக் கேட்டு வாங்கி அந்தச் சின்ன எழுத்தைப் படித்தேன். குளோர்டயசெபாக்சைடு 5 மி.கி. அவர் முகம் வெளுத்துவிட்டது, இன்றைக்கே விட்டுவிடுகிறேன் என்றார். “வேண்டாம் சித்தப்பா, இன்னைக்கு எப்பவும்போல போடுங்க” என்று சொல்லி, மறுவாரம் இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்க்கப் போனோம். தினம் மூன்றாக இருந்தது இப்போது ஒன்றுக்கு வந்திருக்கிறது.