பங்குக் குதிரை முரண்டு பிடித்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் குன்னூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். ஊட்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை ஒன்றை நண்பரோடு பாதிப் பாதியாக வைத்திருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் இவருக்கு, மூன்று நாள் அவருக்கு, ஒரு நாள் குதிரைக்கு. நாலு மாதமாக அது லாயத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறதாம். “பங்கை விட்டுடலாமாண்ணா?” என்றார். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 12 வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு அலைந்தவன் நான்.

பின்னங்காலுக்கு நேர் பின்னால் நிற்காதே, ஹெல்மெட் போடு என்பதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதை விடுகிறேன்.

கடிவாளத்தை மாற்றிப் பார்ப்பது

தலையை உதறுகிறது என்றதும் வாய்க்குள் மாட்ட இன்னும் கடுமையான இரும்பைத் தேடிப் போவார்கள். முதலில் குதிரையின் பல்லை மருத்துவரிடம் காட்டுங்கள். குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அரைக்க அரைக்க மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கத்தியாகிக் கன்னத்தை உள்ளே கீறும். வருஷத்துக்கு ஒரு முறையாவது அரத்தால் ராவிவிட வேண்டும். வாய்க்குள் புண் இருக்கும்போது இரும்பை மாற்றி என்ன ஆகப் போகிறது?

“என்கிட்ட நல்லாத்தான் போகுது”

என் குதிரையின் பெயர் துரை. செவலை. பெயருக்கு ஏற்ற துரைத்தனம். சேணத்தைக் கண்டால் காதைப் பின்னுக்கு மடிப்பான். வயிற்று வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருவான். ஏறி உட்கார்ந்தால் கல்லாய் நிற்பான். கூட்டாளியிடம் கேட்டேன். “என்கிட்ட நல்லாத்தான் போகுது” என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி 7 மாதம் போயிற்று. கோளாறு என் கையில்தான் என்று முடிவு கட்டி, பயிற்சிக்கு ஆள் வைத்தேன். புதுச் சாட்டை வாங்கினேன். அந்தச் சாட்டையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவருடைய முறை நாளில், கேரட் மூட்டையை இறக்கிவைக்கப் போனவன் மதில் ஓரமாக நின்று பார்த்தேன். துரை போகத்தான் செய்தான். முதுகை விறைத்துக்கொண்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக. அவர் பூட்ஸின் குதிகாலில், விலாவில் குத்தி விரட்டும் குதிமுள் மாட்டியிருந்தார். அடுத்த குத்து எப்போது விழுமோ என்று நடந்துகொண்டிருந்தான். இதற்குத்தான் ‘நல்லா’ என்று பெயர்!

பக்கத்து லாயத்துப் பெரியவர், ரொம்ப காலம் பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸாக இருந்தவர், அன்று சாயங்காலம் வந்து பார்த்தார். பிடரி முடிகிற மேட்டிலிருந்து இரண்டு விரலால் முதுகை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். மேட்டுக்குச் சற்றுப் பின்னால் விரல் பட்டதும் துரை முதுகைப் பள்ளமாகத் தாழ்த்திக்கொண்டான். “சேணம் கடிக்குது சார்” என்றார். பந்தயம் விட்டபின் தின்று தேறி முதுகு அகன்றுவிட்டது. வந்த நாளில் பொருந்திய சேணம் இப்போது இரண்டு பக்கமும் இடுக்கியாகப் பிடித்திருந்தது. மெத்தென்று இருக்கட்டும் என்று அடியில் கம்பளிமேல் கம்பளி மடித்துப் போட்டது யார்? நான்தான். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் மாட்டியது மாதிரி. அடுத்த தடவை ரோமம் உதிர்ந்து முளைத்தபோது அந்த இரண்டு இடத்திலும் வெள்ளையாக முளைத்தது. செவலையில் வெள்ளை, எதைப் பூசி மறைப்பது?

மூன்று மாதம் யாரும் ஏறக் கூடாது என்றார் கால்நடை மருத்துவர். ஏறாத குதிரைக்கு எதற்குக் காசு என்றார் கூட்டாளி. குதிரையை விடலாமா விடலாமா என்று அத்தனை நாள் தூக்கம் கெட்டவனுக்கு, அந்தக் கேள்வியைக் கூட்டாளியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. ஓய்வில் நிற்கும்போது செலவு யாருடையது, மருத்துவருக்கு யார் கொடுப்பது, எந்தச் சேணம், குதிமுள் உண்டா இல்லையா, எதுவும் எழுத்தில் இல்லை. மூன்று மாதத் தீனியும் லாடக் கூலியும் முழுக்க நானே கட்டினேன். முதுகு தேறியது. அவர் பங்கையும் வாங்கிவிட நினைத்தேன். பயிற்சிக்கும் சாட்டைக்கும் கொட்டியது போகக் கையில் மிச்சமில்லை. என் பங்கை விட்டேன். அப்புறம் துரை எங்கே, யாரிடம் இருக்கிறான் என்று விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் முறை இல்லாத நாளில் சொல்லாமல் போங்கள். சேணம் வைக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள்.

வெறும் வயிற்றோடு ஏறுவது

தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குதிரையின் இரைப்பையில் நாள் முழுக்க அமிலம் சுரக்கும். ராத்திரி போட்ட புல் சீக்கிரமே தீர்ந்து, விடிந்ததும் ஏறி ஓட்டினால் அந்த அமிலம் தளும்பி இரைப்பையின் மேல்பகுதியைச் சுடும். பந்தயக் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் சர்வ சாதாரணம். ஏறுவதற்கு முன்னால் கொஞ்சம் புல் தின்ன விடுங்கள்.

நம் மலையில் மண்டிக் கிடக்கும் கிக்குயூப் புல்லும் ஒரு சங்கதி. அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு கால்சியத்தை உடம்பில் சேர விடாது. தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம். இந்த இரண்டை மட்டுமே தின்று வளரும் குதிரைக்கு எலும்பு பலவீனப்படும், கால் இழுக்கும், முற்றினால் முகமே வீங்கும். அதையும் சோம்பேறி என்றுதான் திட்டுவோம்.

ஜூலையில் முடிவெடுப்பது

வேண்டாம். அந்த மழையில் நமக்கே போர்வையை விட்டு எழ மனசு வராது.

பயத்துக்குக் குதிரையைச் சாக்குச் சொல்வது

பல், முதுகு, குளம்பு, வயிறு எல்லாம் பார்த்தாயிற்று, வலி இல்லை, ஆனாலும் ஏற நினைத்தால் வயிற்றைப் பிசைகிறதா? பங்கை விட்டுவிடுங்கள். தப்பே இல்லை.

குன்னூர்த் தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன்: “அவர் நாள்ல எந்தச் சேணம் போடுறார்?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “தெரியலண்ணா. வியாழக்கிழமை போய்ப் பாக்குறேன்” என்றார்.