பெயரைச் சொல்லாமல் வண்டியை நம்ப வைப்பது எப்படி

வண்டிக்கு வண்டி பேசும் நெட்வொர்க்கில் ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், திசை எல்லாவற்றையும் நொடிக்கு 10 தடவை வரை ஒலிபரப்பிக்கொண்டே போகும். முன்பின் தெரியாத வண்டியும் உடனே படித்தாக வேண்டும் என்பதால் இதை யாரும் என்கிரிப்ட் செய்வதில்லை. ஆக, செய்தி வெளிப்படைதான். ஒளிக்க வேண்டியது அனுப்பியது யார் என்பதை மட்டும்.

முதலில், இது அசல் வண்டிதான் என்று காட்டும் நிரந்தரச் சான்றிதழைச் சாலையில் வெளியே எடுக்காதீர்கள். அதைக் காட்டி புனைபெயர்ச் சான்றிதழ்கள் வாங்கி, செய்திகளில் அவற்றின் ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையெழுத்துப் போடுங்கள் (வண்டிகளுக்குச் சான்றிதழ் வழங்கும் அமெரிக்காவின் எஸ்சிஎம்எஸ் வடிவமைப்பில் வாரத்துக்கு 20 சான்றிதழ்). வழங்கும் இடத்தையும் இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: விண்ணப்பம் வாங்குபவருக்கு வண்டி தெரியும், சான்றிதழ் தெரியாது, வழங்குபவருக்குச் சான்றிதழ் தெரியும், வண்டி தெரியாது. குழுவில் யாரோ ஒருவர் போட்டது என்று மட்டும் காட்டும் குழுக் கையொப்பம் ஆய்வுக் கட்டுரைகளில் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சரிபார்க்க ஆகும் நேரம் கட்டுப்படியாகாது. சுற்றிலும் 100 வண்டி இருந்தாலே நொடிக்கு 1000 கையொப்பம் வரும், வழக்கமான கையொப்ப முறையான இசிடிஎஸ்ஏவுக்கே தனி சிப் தேவைப்படும்.

அப்புறம் பெயரை, அதாவது புனைபெயர்ச் சான்றிதழை, மாற்றுவது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். சான்றிதழை மட்டும் மாற்றிவிட்டு ரேடியோ கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியையோ செய்தி எண்ணையோ அப்படியே விட்டால் 57க்கு அடுத்து 58 வரும், கேட்பவனுக்கு வேலை மிச்சம். எல்லாவற்றையும் ஒரே கணத்தில் மாற்றுங்கள், செய்தி எண்ணையும் புதிதாக ஏதாவது ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அப்போதும் ஆளில்லாத சாலையில் 72 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி பெயர் மாற்றினால், பத்தில் ஒரு நொடி கழித்து அதே லேனில் 2 மீட்டர் முன்னால் வேறொரு பெயர் தோன்றும், அது யாரென்று குழந்தைக்கும் தெரியும். அதனால் பல வண்டிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில், சற்று மௌனமாக இருந்துவிட்டு மாற்ற வேண்டும். ஓடுகிற வண்டி மௌனமானால் விபத்து எச்சரிக்கையும் போய்விடும், ஆகவே சிக்னலில் நிற்கும்போது மாற்றுவதே என் பரிந்துரை.

சாவிகளை வெளியே எடுக்க முடியாத பாதுகாப்பு சிப்பில் வையுங்கள். இல்லையென்றால் 20 சான்றிதழையும் திருடியவன் தனி ஆளாக 20 வண்டி நெரிசலைக் காட்டிவிடுவான். அப்படிப் பிடிபட்ட வண்டியைத் தடை செய்ய, சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிடத் தேவையில்லை. எஸ்சிஎம்எஸ்ஸில், சான்றிதழ்களின் அடையாளத்தைக் கணக்கிட உதவும் ஒரு ஜோடி விதை எண்களை வெளியிட்டாலே இனி வரும் சான்றிதழ்களை எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அந்த எண்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட முடியாது என்பதால் பழைய பயணங்கள் வெளியே வராது.