தொற்று நேரத்துல ஊராட்சிக்கு வர்ற பணத்தை தண்ணி, கழிவறை, சப்-சென்டர் வேலையா மாத்தறது எப்படி

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், கொரோனா மாதிரி ஒண்ணு வரும்போது கிராமத்துக்குன்னு புதுசா ஒரு ஸ்கீம் வரும், அதுக்கு ஒரு அப்ளிகேஷன் இருக்கும், போட்டா பணம் வந்துரும்னு யாரும் காத்திருக்காதீங்க. போன தடவை பணம் வந்தது எல்லாம் ஏற்கனவே இருக்கற வழியிலதான் வந்துச்சு. அந்த வழியில எந்த ஊரு முன்னாடியே வேலையை எழுதி தீர்மானம் போட்டு வச்சிருந்துச்சோ அந்த ஊருக்கு பைப் வந்துச்சு, மத்த ஊர்ல பிளீச்சிங் பவுடரும் கிருமிநாசினியும் வாங்கினதோட பணம் தீந்துச்சு.

எந்த வழி திறந்துச்சு எந்த வழி மூடுச்சுன்னு பாருங்க. 2020 ஏப்ரல்ல எம்.பி. தொகுதி நிதியை மத்திய அரசு ரெண்டு வருஷத்துக்கு நிறுத்திட்டாங்க, வருஷத்துக்கு 5 கோடி வர்ற நிதி அது. எம்.எல்.ஏ. நிதியிலயும் நம்ம தமிழ்நாட்டுல ஆளுக்கு 1 கோடி கொரோனா வேலைக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. பேரிடர் நிதி கலெக்டர் கைக்கு போச்சு, ஊராட்சி கணக்குக்கு இல்ல. ஆனா நிதிக்குழு மானியம், அதாவது மத்திய நிதிக்குழு போடற கணக்குப்படி மத்திய அரசு ஊராட்சிகளுக்கு தர்ற பணம், அது மட்டும் நிக்கல, 2021 மே மாசம் 25 மாநிலத்துக்கு சேத்து 8,923.8 கோடி ரூபாயை ஜூன்ல தர வேண்டியதை முன்கூட்டியே விட்டாங்க, ஊராட்சி கணக்கை ஆன்லைன்ல போட்டிருந்தாத்தான் பணம்ங்கற நிபந்தனையையும் அந்த தவணைக்கு மட்டும் தளர்த்தினாங்க, கொரோனா தடுப்பு வேலைக்கும் இதை செலவு பண்ணலாம்னு சொல்லியே கொடுத்தாங்க. அதனால எம்.பி. ஆபீஸ், எம்.எல்.ஏ. ஆபீஸ்னு மனு எடுத்துட்டு அலையறதுக்கு முன்னாடி ஊராட்சி ஆபீஸ்ல போய் உக்காருங்க, என் அனுபவத்துல அதுதான் வேலைக்கு ஆகும்.

இந்த மானியம் ரெண்டு கூறா வரும், டைடு, அன்டைடுன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. 15வது நிதிக்குழு 2021-26க்கு போட்ட கணக்குல 60 சதவீதம் டைடு, அதாவது இன்ன வேலைக்குத்தான்னு கட்டிப்போட்ட பணம். அதுல பாதி சுகாதாரத்துக்கு, அதாவது கழிவறை, குப்பை, கழிவுநீர் இதெல்லாம். மீதி பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, தண்ணியை மறுபடி பயன்படுத்தறது. 40 சதவீதம் அன்டைடு, ஊருக்கு எது தேவையோ அதுக்கு, சம்பளத்துக்கும் ஆபீஸ் நிர்வாக செலவுக்கும் மட்டும் எடுக்க முடியாது. இதை ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா நிறைய பேரு "டைடு பணத்துல கொரோனா வேலை செய்ய முடியாது"ன்னு கிளார்க் சொன்னதை கேட்டுட்டு திரும்பி வந்துடறாங்க. தொற்றுக்கு அடிப்படையா வேண்டியதே கை கழுவ தண்ணியும் ஒழுங்கான கழிவறையும்தானே, அந்த ரெண்டுக்கும்தான் அந்தப் பணமே கட்டிப்போட்டிருக்கு. இன்னொரு விஷயம், குடிநீர் தேவை முழுசா முடிஞ்சிருச்சுன்னா அந்த பாதியை சுகாதாரத்துக்கும், அதே மாதிரி அங்க இருந்து இங்கயும் மாத்திக்க வழி இருக்கு, எழுத்துல கேளுங்க.

சரி, வேலையை எப்படி எழுதறது. முழு விஷயமும் இங்கதான் இருக்கு. கிராம சபை தீர்மான நோட்டை எந்த ஊர்ல புரட்டினாலும் "குடிநீர் வசதி செய்து தர வேண்டும் என தீர்மானிக்கப்பட்டது"ன்னு ஒரு வரி இருக்கும். அந்த வரியை வச்சுக்கிட்டு ஓவர்சியரால எஸ்டிமேட் போட முடியாது, எங்க, எவ்வளவு தூரம், எந்த தொட்டியில இருந்துன்னு எதுவுமே இல்ல. அதுக்கு பதிலா இப்படி எழுதச் சொல்லுங்க: "வடக்குத்தெரு மேல்நிலைத் தொட்டியிலிருந்து துணை சுகாதார நிலையம் வரை சுமார் 180 மீட்டர் குழாய் பதித்து, கட்டடத்தின் மேல் 1,000 லிட்டர் தொட்டி வைத்து, வெளியே 4 குழாய் கொண்ட கை கழுவும் இடம் அமைக்க, நிதிக்குழு மானியம் குடிநீர் தலைப்பில் மேற்கொள்ள தீர்மானிக்கப்பட்டது." இடம், அளவு, எந்த தலைப்புல பணம், மூணும் இருக்கணும். தலைப்பு இல்லாத தீர்மானம் "நிதி நிலைக்கேற்ப"ங்கற ரெண்டு வார்த்தையில அப்படியே படுத்துரும்.

என்னென்ன கேக்கலாம்னா, தடுப்பூசி முகாம் போடற இடம் எதுவோ, பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ, அங்க தண்ணியும் கழிவறையும் இருக்கான்னு போய் திறந்து பாருங்க. ரெண்டாவது அலையில ஒரு பள்ளிக்கூடத்துல காலையில இருந்து வயசானவங்க வரிசையில நின்னாங்க, கழிவறைக்கு பூட்டு, சாவி யாருகிட்டன்னு தெரியல, திறந்தப்ப குழாயில சொட்டு தண்ணி இல்ல, ஒரு அம்மா பாதி வரிசையில வீட்டுக்கே போயிட்டாங்க, அன்னைக்கு அவங்களுக்கு ஊசி போடல. இதெல்லாம் சின்ன செலவுல முடியற வேலை. அங்கன்வாடி, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் பக்கம் கை கழுவற இடம், தூய்மை காவலர்களுக்கு குளிக்க உடை மாத்த ஒரு அறை (இதை யாருமே கேக்கறதில்ல, ஆனா தொற்று நேரத்துல ஊரையே சுமந்தது அவங்கதான், தயவுசெஞ்சு முதல் வரிசையில எழுதுங்க), தெருக்குழாய் ஒண்ணே ஒண்ணு இருக்கற காலனியில கூடுதல் குழாய்.

சப்-சென்டர், அதாவது துணை சுகாதார நிலையத்துக்கு கட்டடமே இல்லைன்னா அது வேற கணக்கு. 15வது நிதிக்குழுவே 2021-26க்கு உள்ளாட்சி வழியா சுகாதாரத்துக்குன்னு 70,051 கோடி தனியா ஒதுக்கச் சொல்லுச்சு, சொந்த கட்டடம் இல்லாத துணை சுகாதார நிலையம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கட்டடம், பரிசோதனை வசதி, வட்டார அளவுல பொது சுகாதார மையம் எல்லாம் அதுல வரும். இதுல ஊராட்சி தனியா முடிவு எடுக்க முடியாது, சுகாதாரத்துறை பட்டியல்ல பேரு ஏறணும். நீங்க பண்ண வேண்டியது, சமவெளியில 5,000 பேருக்கு, மலைப்பகுதியில 3,000 பேருக்கு ஒரு சப்-சென்டர்ங்கறது அளவு, அதைக் காட்டி இடத்தோட சர்வே நம்பரையும் சேத்து தீர்மானம் போட்டு, வி.ஹெச்.என். (கிராம சுகாதார செவிலியர்) மூலமா வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்பறது. நிலம் ரெடியா இருக்கற ஊரு எப்பவும் பட்டியல்ல மேல வரும்.

தீர்மானம் எப்ப போடறதுன்னா, தொற்று வர்றதுக்கு முன்னாடியே. ஏன்னா தொற்று வந்தா முதல்ல நிக்கறதே கிராம சபைதான், 2020 அக்டோபர் 2ம் தேதி கூட்டத்தை முந்தின நாள் ரத்து பண்ணினாங்க. இப்ப வருஷத்துக்கு ஆறு நாள் இருக்கு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரம், அதாவது கூட்டத்துக்கு குறைஞ்சது இத்தனை பேர் வரணும்ங்கற கணக்கு இல்லைன்னா தீர்மானம் செல்லாது, 500 பேர் வரைக்கும் இருக்கற ஊராட்சின்னா 50 பேர், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. மகளிர் குழு அக்காங்ககிட்ட முந்தின வாரமே சொல்லி வச்சீங்கன்னா கோரம் பிரச்சனையே இல்ல. தீர்மானத்தை வருஷாந்திர கிராம வளர்ச்சி திட்டத்துலயும் ஏத்தணும், அதுல இல்லாத வேலைக்கு இ-கிராம்ஸ்வராஜ்ல (ஊராட்சி திட்டமும் கணக்கும் ஏத்தற மத்திய அரசு ஆன்லைன் தளம்) பணம் விட முடியாது.

தீர்மான நகலை கையில வாங்கிட்டு யூனியன் ஆபீஸ்ல கிராம ஊராட்சி பி.டி.ஓ.கிட்ட (வட்டார வளர்ச்சி அலுவலர்) கொடுங்க, ஓவர்சியர் இடத்துக்கு வந்து அளந்து எஸ்டிமேட் போடற அன்னைக்கு கூடவே நில்லுங்க, கழிவுநீர் எங்க போகும்னு அப்பவே கேளுங்க. கை கழுவற இடம் கட்டி உறிஞ்சு குழி விடாம போன இடமெல்லாம் மூணே மாசத்துல கொசுப் பண்ணை ஆகிடுது, கொரோனாவை தடுக்கப் போய் டெங்குவை கூட்டிட்டு வந்த மாதிரி.

பணம் விடறதுல மாட்டற இடம் ஒண்ணு இருக்கு. பிரெசிடென்ட், வைஸ் பிரெசிடென்ட் ரெண்டு பேரும் சேந்து ஒப்புதல் கொடுத்தாத்தான் பில் போகும். ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னா வேலை முடிஞ்சும் பில் நிக்கும், அடுத்த வேலைக்கு கான்ட்ராக்டர் வரமாட்டாரு. அப்படி இழுத்தா பி.டி.ஓ.வுக்கும் மாவட்ட ஊராட்சிகள் உதவி இயக்குநருக்கும் எழுத்துல கொடுங்க, பேச்சுல சொன்னா யாரும் அசைய மாட்டாங்க. தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாத காலம்னா இன்னும் மோசம். 2016ல பதவிக்காலம் முடிஞ்சு 2019 டிசம்பர் வரைக்கும் தேர்தல் நடக்காம இருந்ததுல மத்திய மானியத்தை நிறுத்தி வச்சது நம்ம மாநிலத்துக்கே நடந்திருக்கு. தேர்தலை தள்ளிப்போடறாங்கன்னா அது அரசியல்வாதிங்க பிரச்சனைன்னு விட்டுடாதீங்க, அது உங்க தெரு பைப்போட பணம்.

மானியம் பத்தலைன்னா நமக்கு நாமே திட்டம் இருக்கு. எஸ்டிமேட்ல மூணுல ஒரு பங்கு மக்கள் கட்டினா மீதியை அரசு போடும், ஆதிதிராவிடர், பழங்குடி மக்கள் அதிகம் இருக்கற பகுதின்னா அஞ்சுல ஒரு பங்கு போதும். அந்த பங்கை ஊர்க்காரங்கதான் கட்டணும்னு இல்ல, வெளியூர்ல இருக்கற பசங்க, பக்கத்து மில்லு, கம்பெனி யாரு வேணா கட்டலாம். 3 லட்சம் வேலைக்கு 1 லட்சம்.

கடைசியா, பணம் வந்துச்சா செலவாச்சான்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல, இ-கிராம்ஸ்வராஜ் தளத்துல லாகின் இல்லாமயே உங்க ஊராட்சி பேரைப் போட்டா வருஷ வாரியா திட்டமும் செலவும் தெரியும். அங்க "கை கழுவும் இடம்"னு செலவு காட்டி நேர்ல ஒண்ணும் இல்லைன்னா தகவல் உரிமை சட்டத்துல 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனு போடுங்க, "அளவு புத்தக நகல், எஸ்டிமேட் நகல், பில் நகல், வேலை முடிந்த போட்டோ" இந்த நாலு மட்டும் கேளுங்க, ஏன் எதுக்குன்னு கேள்வியா எழுதினா பதில் தராம தட்டிக் கழிப்பாங்க. 30 நாள்ல பதில் வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கு ஃபீஸ் கிடையாது.