திரையில் தெரியும் பெயரை நம்பலாமா?

போன மாதம் சித்திக்கு ஓர் அழைப்பு வந்தது. திரையில் ஒரு வங்கியின் பெயரும் பக்கத்திலேயே 'மேனேஜர்' என்றும் இருந்தது. பேங்க்காரர்தான் என்று நம்பி, கார்டில் உள்ள 16 இலக்கங்களில் 12-ஐச் சொல்லிவிட்டார். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிய, போனை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். மிச்சம் 4 இலக்கம் தப்பியது.

தெரியாத எண் யாருடையது என்று பார்க்கும்போது பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ட்ரூகாலர் போன்ற செயலிகள் சிம் வாங்கியவரின் ஆதாரைப் பார்த்துப் பெயர் சொல்வதில்லை. அந்த எண்ணை மற்றவர்கள் என்ன பெயரில் பதிந்து வைத்திருக்கிறார்கள், அந்த ஆளே தன்னை என்ன பெயரில் பதிந்துகொண்டார் என்பதையெல்லாம் திரட்டித்தான் காட்டுகின்றன. வாட்ஸ்அப்பில் காக்கிச் சட்டைப் படம் இருப்பதும் இப்படித்தான். யார் படத்தை வேண்டுமானாலும் வைக்கலாம்.

இது மறுபக்கமும் வெட்டும். பயன்பாட்டில் இல்லாமல் போன எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்க தொலைபேசி நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. பழைய ஆள் செய்த மோசடிக்காகச் செயலியில் விழுந்த சிவப்பு முத்திரை, புதிதாக சிம் வாங்கிய பையனின் தலையில் விழும். 'ஃபிராடு' என்று காட்டுகிறது என்பதற்காக ஒருவரைத் திட்டித் தீர்க்காதீர்கள்.

முதல் நான்கு இலக்கங்களை வைத்து 'இது சென்னை நம்பர்' என்று கணிப்பதும் இப்போது எடுபடாது. எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி 2011-இலேயே நாடு முழுக்க வந்துவிட்டது. 2015 முதல் மாநிலம் மாறினாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

யுபிஐ செயலியில் எண்ணைத் தட்டினால் வங்கியில் பதிவான பெயர் வரும். இது கொஞ்சம் உறுதியான வழி. ஆனால் மோசடிக்காரர்கள் அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுப்பதால், வரும் பெயர் பேசுகிறவருடையதாக இல்லாமலும் போகலாம். பெயரைப் பார்த்ததும் வெளியே வந்துவிடுங்கள்; 'சோதிக்க ஒரு ரூபாய்' என்று அனுப்ப வேண்டாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, 'எந்த எண்ணுக்கும் முகவரி தருகிறோம்' என்று பணமோ ஓடிபியோ கேட்கும் தளங்கள். அந்த விவரம் தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. சட்டப்படி கேட்கும் போலீசுக்குத்தான் அது கிடைக்கும். இப்படிப்பட்ட தளங்களிலிருந்து இறக்கிய ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) திறந்தால் உங்கள் எஸ்எம்எஸ்களையே அடுத்தவர் படிக்கும் நிலை வரலாம். +91 இல்லாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ரிங்கில் நின்றுபோன மிஸ்டு காலையும் திருப்பி அழைக்காதீர்கள். அழைத்தால் பேலன்ஸ் கரையலாம்.

வங்கி என்று சொல்லி யாராவது பேசினால், அழைப்பைத் துண்டித்துவிட்டு உங்கள் கார்டின் பின்புறம் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென 1600-இல் தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண 10 இலக்க மொபைலிலிருந்து 'பேங்க்' என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தேகம் மட்டும்தான் என்றால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் புகார் கொடுக்கலாம். பணம் போய்விட்டதென்றால் வேறு எதையும் தேடிக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்; அந்தப் பணம் கைமாறுவதற்குள் முடக்க முடியுமா என்பது அந்த முதல் சில மணி நேரத்தில்தான் இருக்கிறது.

சித்தி அன்றைக்கே கார்டை முடக்கிவிட்டார். புதுக் கார்டின் பின்புறம் உள்ள வங்கியின் தொலைபேசி எண்ணை ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்.