பட்டியில் ஆடு செத்துக் கிடந்தால், கத்தியை எடுப்பதற்கு முன்

விடிகாலையில் பட்டியைத் திறக்கிறீர்கள். நேற்று சாயந்திரம் வரை மேய்ந்த ஆடு வயிறு ஊதிக் கிடக்கிறது, உடம்பு சரியாக விறைக்கவில்லை, மூக்கோரம் கறுப்பாக ரத்தம். அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "சூடு ஆறுறதுக்குள்ள அறுத்துடலாம், கறியாவது தேறும்" என்று ஒருவர் கத்தியோடு வருவார். முதலில் அவரை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கால்நடை ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றியவன் நான். நோயைக் கண்டுபிடிப்பது பெரிய ஊர் சோதனைக்கூடத்து வேலை என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அங்கே மெஷின் இருக்கிறது, உண்மைதான். ஆனால் எந்த ஆட்டிலிருந்து, என்றைக்கு, எதை எடுத்து, எப்படி அனுப்பினோம் என்பதெல்லாம் பட்டியிலேயே முடிந்துவிடுகிற காரியம். அங்கே கோட்டை விட்டதை எந்த மெஷினும் திருப்பித் தராது.

ஏன் அறுக்கக்கூடாது? காய்ச்சல், சோர்வு என்று பெரிதாக எதையும் காட்டாமல் திடீரென்று சாவது, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கறுப்பு ரத்தம் வருவது, உடம்பு விறைக்காமல் சீக்கிரம் ஊதுவது, இதெல்லாம் சேர்ந்து வந்தால் அது அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். மூடிய உடம்புக்குள் இருக்கும் வரை அந்தக் கிருமி அழுகலில் சில நாளில் தானே செத்துப்போகும். வயிற்றைக் கிழித்துக் காற்றுப் பட்டதென்றால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு ஸ்போராக மாறிவிடும். ஸ்போர் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். இரண்டாம் உலகப் போரில், 1942இல், ஸ்காட்லாந்துக்குப் பக்கத்தில் க்ரூயினார்டு என்ற குட்டித் தீவில் இந்தக் கிருமியைக் குண்டில் வைத்துச் சோதித்தார்கள். 1986இல் ஃபார்மலின் என்ற கிருமிகொல்லி மருந்து கலந்த கடல்நீரால் அந்த மண்ணைக் கழுவிய பிறகு, 1990இல்தான் அங்கே மனிதர் போகலாம் என்று அறிவித்தார்கள். நீங்கள் அறுக்கப் போவது உங்கள் பட்டி வாசலில், நாளைக்கு மிச்ச ஆடுகள் மேயப் போகிற மண்ணில். அறுத்தவர் கையில் நாலைந்து நாளில் வலியில்லாத ஒரு கொப்புளம் வந்து நடுவில் கரியாகக் கறுத்தால், அதை உண்ணிக் கடி என்று விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

ஆகவே உடம்பைத் தொடாமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், நாய், காக்கை அண்டாமல் ஒருவரைக் காவல் வையுங்கள், கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ போன் போடுங்கள். மருத்துவர் வந்து காது நரம்பில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடில் இழுத்துக்கொண்டு, குத்திய இடத்தைப் பஞ்சால் அடைத்துவிடுவார். அந்த ஒரு சொட்டு போதும். மெதிலீன் ப்ளூ சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சதுர முனையுள்ள நீலக் குச்சிகளும் அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறையும் தெரியும். போஸ்ட்மார்ட்டம் செய்வதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு மருத்துவர் முடிவு செய்வார்.

சரி, மருத்துவர் வருவதற்குள் என்ன செய்யலாம்? எண்ணுங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு நோட்டில் மொத்தம் எத்தனை ஆடு, எத்தனை சுகமில்லாமல் இருக்கிறது, எத்தனை செத்தது, இவற்றில் எது குட்டி, எது சினை, எதற்குத் தடுப்பூசி போட்டது என்று எழுதுங்கள். நாற்பது ஆட்டில் பதினெட்டு படுத்து, அதில் ஆறு செத்தால், படுத்தது 45 சதவீதம், படுத்ததில் செத்தது மூன்றில் ஒரு பங்கு. இந்த இரண்டு எண்ணும் இருந்தாலே மருத்துவர் மனதில் பாதி நோய்கள் கழிந்துவிடும். குட்டி மட்டும் சாகிறதா, கொழுத்த நல்ல ஆடு மட்டும் சாகிறதா? மழைக்குப் பிறகு இளம்புல் மேய்ந்த கொழுத்த ஆடு துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி என்று கிராமத்தில் பாட்டிமாரே சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். கழிச்சலும் மூக்குச் சளியும் வாய்ப்புண்ணுமாகப் பட்டியே படுத்தால் ஆட்டுக்கொல்லி. மாட்டில் வாயிலும் குளம்பிடையிலும் ஒரே நேரத்தில் கொப்புளம் என்றால் கோமாரி. காதில் பட்டை போட்ட மாடாக இருந்தால் அதிலுள்ள 12 இலக்க எண்ணையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் "கறுப்பு மாடு" என்று எழுதி, மறுவாரம் எந்தக் கறுப்பு மாடு என்று அடித்துக்கொள்வோம்.

அப்புறம் தேதிகள். முதல் ஆடு எப்போது சோர்ந்தது? அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் என்ன நடந்தது? சந்தையில் வாங்கி வந்த ஆடு சேர்ந்ததா, கிடை போட வெளியூர் மந்தை வந்ததா, பொலிகிடாய் கடன் வாங்கினீர்களா? இந்தக் கேள்விக்கு முதலில் "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் பதில் வரும். டீ குடித்து முடித்ததும், "போன வெள்ளிக்கிழமை மச்சான் ரெண்டு குட்டி குடுத்தான், அதச் சொல்லணுமா?" என்பார்கள். அதைத்தானே கேட்டேன்!

எதைப் பார்த்தாலும் பார்வையை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான் கண்டறியப்பட்டது. பார்ப்பதற்கு அது அப்படியே மாடுகளைக் கொத்தாகக் கொன்ற வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) மாதிரி இருக்கும், இரண்டு வைரஸும் ஒரே குடும்பம். சோதனைக்கூடத்தில் பிரித்துப் பார்த்த பிறகுதான் இது வேறு என்று உறுதியானது. வெக்கையை உலகத்தை விட்டே ஒழித்தாயிற்று என்று 2011இல் அறிவித்துவிட்டார்கள், அதன் தம்பி இன்னும் நம் பட்டியில்தான் சுற்றுகிறான்.

மாதிரி எடுப்பது

இதை மருத்துவரோ பயிற்சி பெற்றவரோதான் செய்ய வேண்டும், ஆனால் கூட நிற்கிறவர்களுக்கும் தெரிந்திருந்தால் பாதித் தவறு குறையும். எல்லோரும் செய்கிற தவறு, பட்டியிலேயே மோசமான ஆட்டைப் பிடித்துக் கொடுப்பது. பத்து நாளாகக் கிடக்கிற எலும்பும் தோலுமான ஆட்டில் வைரஸ் பெரும்பாலும் போயிருக்கும், மிஞ்சியிருப்பது அதன் சேதம்தான். இன்றைக்குக் காலையில் சூடேறிய ஆடு எது என்று பாருங்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், காதைத் தொட்டுச் சொல்லாதீர்கள். மாட்டுக்கு 101.5 டிகிரி பாரன்ஹீட் சாதாரணம், ஆட்டுக்கு அதற்கு ஒன்றிரண்டு டிகிரி கூடுதல், கோழிக்கு 106, 107 என்பதே இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ரத்தத்துக்கு இரண்டு டியூப். ஊதா மூடி உறையாமல் வைப்பதற்கு, எடுத்தவுடன் மெதுவாக எட்டு பத்து முறை தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக்கூடாது. சிவப்பு மூடி சீரத்துக்கு, அதைச் சாய்வாக வைத்து ஓரிரு மணி நேரம் உறைய விட்டால் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கும், அந்தத் தெளிவை மட்டும் வேறு டியூபுக்கு மாற்ற வேண்டும். பிரிக்காத ரத்தத்தை "பத்திரமாக இருக்கட்டும்" என்று ஃப்ரீசரில் போட்டால் சிவப்பணுக்கள் வெடித்து மொத்தமும் சிவப்புத் தண்ணீராகிவிடும். நான் வேலையில் சேர்ந்த முதல் வருஷம் பதினோரு டியூபை இப்படிக் கெடுத்திருக்கிறேன். பதினோரு மாட்டையும் மறுபடி பிடிக்கப் போனபோது மாட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

உண்ணிக் காய்ச்சல் சந்தேகம் என்றால், காபி நிறத்தில் மூத்திரம் போகிறதென்றால், ரத்த ஸ்மியர் வேண்டும். ஸ்லைடின் ஓரத்தில் கடுகளவு சொட்டு, இன்னொரு ஸ்லைடைச் சாய்த்து அந்தச் சொட்டைத் தொட்டதும் ரத்தம் விளிம்பு முழுக்க ஓடிப் பரவும், பரவிய கணமே ஒரே தள்ளாகத் தள்ளிவிட வேண்டும். நடுவில் கை தயங்கினால் அங்கே படிபடியாக நின்றுவிடும். முடிவில் நாக்கு வடிவத்தில் மெலிந்து மறைந்தால் நல்ல ஸ்மியர். காற்றில் விசிறிக் காய வையுங்கள், ஈ உட்கார விடாதீர்கள். ஈ ரத்தத்தைத் தின்றுவிட்டுப் போயிருக்கும், சோதனைக்கூடத்தில் வட்ட வட்டமாக ஓட்டைதான் தெரியும். ஸ்லைடையும் ஃபார்மலின் புட்டியையும் ஒரே பெட்டியில் போடவும் கூடாது, ஆவி பட்டாலே சாயம் ஏறாது.

ஃபார்மலின் பற்றி ஒரு வார்த்தை. செத்த விலங்கின் உறுப்பை மைக்ரோஸ்கோப்பில் திசுவாகப் பார்க்க அது வேண்டும்: 10 சதவீதக் கரைசல், துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கக்கூடாது, துண்டைப் போல் பத்து மடங்கு திரவம். ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டியதை அதில் போட்டால் கிருமி செத்துவிடும், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கும் அது ஆகாது. அதற்கு ஐஸில் வைத்த புதுத் திசு வேண்டும். ஆகவே ஒவ்வொரு உறுப்பிலும் இரண்டு துண்டு. கோமாரிக்கு நாக்கிலோ ஈறிலோ புதிதாக உரிந்த தோல்தான் தங்கம், அதற்கென்று கிளிசரின் கலந்த தனித் திரவம் உண்டு.

பெயரைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஐஸ் தண்ணீரில் ஓடிவிடும். தெர்மோகோல் பெட்டியில், கசியாத பைக்குள் பை வைத்து, நடுவில் உறிஞ்சுவதற்குப் பஞ்சு போட்டு, மேலே நோட்டின் நகலைத் தனிக் கவரில் ஒட்டி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அனுப்பாதீர்கள், சனி ஞாயிறு முழுக்கப் பெட்டி ஏதோ ஒரு வராந்தாவில் வெந்துகொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாடு விடாமல் அடித்தொண்டையில் கத்துகிறது, எச்சில் ஒழுகுகிறது, தண்ணீர் இறங்கவில்லை, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுவார்கள் பாருங்கள், அதைச் செய்யாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். ஏற்கனவே விட்டுவிட்டீர்கள் என்றால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள். அந்த மாடு செத்தால் தலையைத் தொடுவது மருத்துவர் வேலை மட்டுமே.

காட்டு விலங்கு என்றால்

தொடவே கூடாது. நோய்க்காக மட்டுமல்ல, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மயில் இறகைப் பிடுங்கி மாதிரி எடுக்கிறேன் என்று போனால் வழக்கு உங்கள் மேல்தான். நீங்கள் செய்யக்கூடியது தூரத்திலிருந்து போட்டோ, இடத்தின் லொக்கேஷன், எத்தனை கிடக்கின்றன, என்ன வகை, பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா, விஷம் வைத்த தீவனம் சிதறிக் கிடக்கிறதா என்ற குறிப்பு. உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள், மிச்சம் அவர்களுடைய மருத்துவர் பாடு.

சொல்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். 1957இல் கர்நாடகத்தில் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, சுற்றியிருந்த ஊர்களில் மனிதருக்கும் காய்ச்சல் வந்தது, அதைத் துருவிப் பார்த்தபோதுதான் உண்ணி பரப்புகிற ஒரு புது வைரஸ் தெரியவந்தது. குரங்குக் காய்ச்சல் என்று நாம் சொல்வது அதைத்தான். செத்த குரங்கை விட்டு இறங்கிய உண்ணிகள் சுற்றிலும் சருகில் காத்திருக்கும், அடுத்து விறகு பொறுக்க வருகிற காலில் ஏறும். காட்டோர ஊரில் குரங்கு செத்துக் கிடந்தால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்ததும் இப்படித்தான், மாதிரி எடுத்துப் பார்த்ததில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல். அது மனிதரைத் தொற்றாது, ஆனால் பன்றி வளர்ப்பவர் பிழைப்பை ஒரே மாதத்தில் முடித்துவிடும்.

எல்லாச் சாவும் தொற்று அல்ல என்பதையும் மறக்காதீர்கள். இந்தியா முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தாக மறைந்தபோது ஏதோ புது வைரஸ் என்றுதான் பலர் வருஷக்கணக்கில் தேடினார்கள். கடைசியில் பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்து, சிறுநீரகம் கெட்டு உள்ளுறுப்பெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியது போல் யூரிக் அமிலம் படிந்திருப்பதைக் கண்டு, 2004இல் காரணத்தைச் சொன்னார்கள்: மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலி ஊசி. ஊசி போட்ட மாடு செத்தால் அதைத் தின்ற கழுகும் சாகும். 2006இல் இந்தியாவில் மாட்டுக்கு அந்த ஊசி தடை செய்யப்பட்டது. நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் இன்றைக்கும் கொஞ்சம் கழுகு பறக்கிறது என்றால் அந்தப் போஸ்ட்மார்ட்டங்களுக்கும் அதில் பங்குண்டு.

முடிவு வந்த பிறகு ஒரு குழப்பம் வரும். "நெகட்டிவ்" என்று வந்தால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. அந்த டியூபில், அந்த நோய்க்கு, அன்றைக்கு ஒன்றும் சிக்கவில்லை, அவ்வளவுதான். என்ன மாதிரி போனது, எந்த ஆட்டிலிருந்து, காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள் என்று நோட்டைப் பாருங்கள். சீரத்தில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பே உண்டாக்குவது) இருக்கிறது என்று வந்தாலும் அது இப்போதைய நோயா, போன வருஷத் தடுப்பூசியா என்று ஒரே ரத்தத்தில் சொல்ல முடியாது. அதே ஆட்டில் இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்து, அளவு நாலு மடங்காக ஏறியிருந்தால்தான் இது புதுத் தொற்று என்று சொல்லலாம். ஆகவே முதல் ரத்தம் எடுத்த அன்றைக்கே நாள்காட்டியில் இருபத்தோராவது நாளைச் சுழித்து வையுங்கள், அதுவரைக்கும் அந்த ஆட்டை விற்றுவிடாதீர்கள்.